கூப்பிடு தூரத்தில்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் புகைவண்டியில் செல்ல விரும்புவோர், முதலில் கிழக்கே பேசின்பாலம் வரை சென்று, அங்கு வண்டி மாறி, மீண்டும் வடக்கே திரும்பவேண்டும். ஒரே மாவட்டத்தின் இரு ஊர்கள். ஆயினும் இரண்டையும் நேராக இணைக்கும் இருப்புப்பாதை இல்லை. ஆகவே நாங்கள் கணவனும் மனைவியுமாகப் பேருந்தையே நம்பிப் புறப்பட்டோம். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே ஒரு சிற்றூரில் தனித்து வாழும் எங்கள் பெரியம்மாவைக் கண்டு, இனி அவர் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு ஒரு முடிவு காணவேண்டிய பொறுப்பு எங்கள் தலையில் விழுந்திருந்தது.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. மூன்று மக்களும் மூன்று ஊர்களில். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட வாரத்தில், மின்சாரமற்ற ஓர் இரவில், கொல்லைப்புறக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. விடியும்வரை ஈரத்தரையில் கிடந்தார். தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து லைன் வீட்டுப் பெண்தான் முனகலைக் கேட்டு ஓடிவந்தாள். அவள் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் ஆலைத் தொழிலாளியின் மனைவி. அன்று அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் "அம்மா" ஒன்றே என்பார் பெரியம்மா.

கை குணமானதும் பிள்ளைகள் கூடிப் பேசி, நல்லதொரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தனர். நாற்பது நாட்கள் அங்கே இருந்தார். பின்பு, எவரிடமும் சொல்லாமல், தம் பழைய வீட்டிற்கே திரும்பிவிட்டார். "நீங்கள் போய்ச் சொன்னால் கேட்பார்" என்று பிள்ளைகள் எங்களை அனுப்பியதன் பின்னணி இதுவே.

வழியெல்லாம் வீடுகள்

ஊத்துக்கோட்டைச் சாலையில் பயணம். கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் எழுந்த பூண்டி நீர்த்தேக்கம் இவ்வட்டாரத்தின் பெருமை. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊத்துக்கோட்டை வழியாகத்தான் 1996 முதல் கிருஷ்ணா நீர் பூண்டியை வந்தடைகிறது. அங்கிருந்து பெரியபாளையம், ஆரணி ஆற்றுப் பாலம், பின்பு ஆரணி, புதுவாயல். நெல்வயல்கள், ஏரிகள், செங்கற்சூளைகள், இவற்றுக்கு இடையே "வீட்டுமனை விற்பனைக்கு" என்று கொடி நட்ட வெற்று நிலங்கள். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வருகிறவர் கண்ணுக்கு இரண்டு வகை வீடுகள் மாறி மாறித் தென்படும்.

ஒன்று, பழைய வீடு. ஓட்டுக்கூரை, தெருவைப் பார்த்த திண்ணை, நடுவே சிறு முற்றம். திண்ணையில் ஒரு முதியவரோ மூதாட்டியோ அமர்ந்திருப்பார். உள்ளே வேறு எவரும் இருக்கமாட்டார். பிள்ளைகள் சென்னையிலோ, வளைகுடா நாட்டிலோ.

மற்றொன்று, நெடுஞ்சாலையை நெருங்க நெருங்கப் பெருகும் லைன் வீடு. 1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனத்தின் கும்மிடிப்பூண்டித் தொழில் வளாகத்திலும், அதைச் சூழ்ந்துள்ள இரும்பு உருக்காலைகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் தங்கும் இடம் அது. கல்நார்த் தகடு வேய்ந்த ஒரே வரிசை அறைகள். ஓர் அறையில் நால்வர், ஐவர். பகல் வேலைக்காரன் எழுந்த பாயில் இரவு வேலைக்காரன் படுக்கிறான். சித்திரை வெயிலில் அக்கூரையின் கீழ் பகலுறக்கம் எத்தகையது என்பதைத் திருத்தணி வெயிலை அறிந்த நம் மாவட்டத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை.

ஒரு பக்கம் ஆளில்லாத அறைகள். மறுபக்கம் அறையில்லாத ஆட்கள். இரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வேலியே தூரம்.

கும்மிடிப்பூண்டியில் மூன்றாவது வகைக் குடியிருப்பும் ஒன்று உண்டு. 1990 முதல் ஈழத்துச் சகோதரர்கள் வாழ்ந்துவரும் முகாம் அது. இளம் தம்பதியராய்க் கடல் கடந்து வந்தவர்கள் இன்று பாட்டன், பாட்டியாகிவிட்டனர். 2021-இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" எனப் பெயர் மாற்றி, மாநிலமெங்கும் 7,469 புதிய வீடுகள் கட்டித்தரப்படும் என அறிவித்தது. முகாம் வாழ்வின் நெருக்கடியை எவரும் புகழமாட்டார். ஆயினும் பேரன் படிப்பதையும் பாட்டி இருமுவதையும் ஒரே சுவர் கேட்கும் அந்நெருக்கத்தில், ஒரு கிழவி விடியும்வரை எவரும் அறியாமல் தரையில் கிடக்க இயலாது. இடமும் வேண்டும், துணையும் வேண்டும். நம் ஊர்களில் ஒன்றைப் பெற்றவர் மற்றதை இழந்து நிற்பதைக் காண்கிறோம்.

"அங்கே மாலையே வருவதில்லை"

பெரியம்மாவின் வீட்டை அடைந்தபோது நண்பகல். வாசற்படிக்கு அருகே ஒரு சாய்தளம் புதிதாய்ப் போடப்பட்டிருந்தது. "வா தம்பி, வாம்மா" என்று வரவேற்றவர், எங்களைப் பேசவிடாமல் முதலில் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்தபின், வந்த காரியத்தை மெல்லத் தொடங்கினோம்.

"அந்த இல்லத்தில் என்ன குறை, பெரியம்மா?"

"குறையே இல்லை. துப்புரவான இடம். கன்னியர் தங்கமானவர்கள். வேளைக்குச் சோறு, வேளைக்கு மருந்து."

"பின் ஏன் வந்துவிட்டீர்கள்?"

சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "அங்கே மாலையே வருவதில்லை, தம்பி. காலையில் யாரும் வேலைக்குப் போவதில்லை. பொழுது சாய்ந்தால் யாரும் வீடு திரும்புவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு ஒரு பிள்ளை ஓடி வருவதில்லை. எல்லாரும் என்னைப் போலவே உட்கார்ந்திருக்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று எல்லாருக்கும் தெரியும்."

நாங்கள் கொண்டுவந்திருந்த நியாயங்கள் யாவும் அந்த ஒரு பேச்சில் உதிர்ந்துபோயின.

முதியோர் இல்லங்களைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டில், பார்வையிழந்த ஓர் ஏழைக் கிழவியைத் தம் வீட்டிற்கு எடுத்துவந்து, தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார் ஓர் எளிய பெண். அவரே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையை நிறுவிய புனித ழான் ஜுகான். 2009-இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். படுத்த படுக்கையானவர்க்கும், கைவிடப்பட்டவர்க்கும் அத்தகைய இல்லங்களே அடைக்கலம். ஆனால் அப்பெரும்பணியின் முதல் நாளை நினைவுகூர்வோம். அந்தக் கிழவி வந்து சேர்ந்தது ஒரு நிறுவனத்திற்கு அன்று. ஆட்கள் புழங்கும் ஒரு வீட்டிற்கு.

நடமாட முடிந்த, ஆனால் தனித்து வாழ அஞ்சுகின்ற முதியோரே இன்று மிகுதி. 2021-ஆம் ஆண்டிற்கான அரசு மதிப்பீட்டில், அறுபது வயது கடந்தோர் இந்திய மக்களுள் 10.1 விழுக்காடு, தமிழ்நாட்டிலோ 13.6 விழுக்காடு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற முதியோர்க்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றேனும் அமைய வழிசெய்கிறது. தேவையான ஏற்பாடுதான். எனினும் 150 முதியோரை ஒரே கூரையின் கீழ்த் திரட்டினால் பெரியம்மா சொன்ன அந்த மாலைப்பொழுதை எங்கிருந்து வரவழைப்பது? இளையோர் பக்கமும் இதே கதைதான். அண்டை மாவட்டத்தின் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் மாபெரும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. பாதுகாப்பான நல்ல கட்டடம். ஆயினும் அங்கும் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதினர்.

ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஒருவர் கண்ட வழி

வயதும் தொழிலும் கலந்து வாழும் குடியிருப்பு புதிய கற்பனையன்று. செருமனி நாட்டின் ஆக்ஸ்பர்க் நகரில், யாக்கோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் 1521-இல் நிறுவிய "ஃபுக்கராய்" என்னும் குடியிருப்பு இன்றும் மக்கள் வாழும் இடமாக உள்ளது. 67 வீடுகளில் 140 குடித்தனங்கள். உழைத்தும் வறுமையில் வாடிய உள்ளூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்காக அது கட்டப்பட்டது. இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுப்பாட்டனார், கொத்தனார் வேலை பார்த்தவர், அங்கே குடியிருந்தார். ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் கில்டர். இன்றும் அதற்கு ஈடான 88 யூரோ சென்ட் மட்டுமே. அத்துடன் நிறுவியவருக்காக நாள்தோறும் மூன்று ஜெபங்கள். 1944 பிப்ரவரியில் குண்டு வீச்சில் பெரும்பகுதி அழிந்தும், மீண்டும் கட்டியெழுப்பினர்.

இக்குடியிருப்பில் எங்கள் கருத்தைக் கவர்ந்தவை இரண்டு. ஒவ்வொரு குடித்தனத்திற்கும் தெருவைப் பார்த்த தனி வாசற்கதவு உண்டு. கீழ்வீட்டார்க்கு ஒரு வாசல், மாடி வீட்டார்க்கு ஒரு வாசல். தெருவிளக்கில்லாத காலத்தில் இருட்டில் தம் கதவைத் தடவியே கண்டுகொள்ளும்படி, அழைப்புமணியின் இழுப்புப்பிடிகளை வெவ்வேறு வடிவில் அமைத்திருந்தனர். ஏழையாயினும் அவன் கதவு அவனுடையது என்ற மதிப்பு அதில் தெரிகிறது. இரண்டாவது, அக்குடியிருப்பைக் காப்பாற்றி வருவது அறக்கட்டளைக்குச் சொந்தமான காடுகளின் வருவாய். நன்கொடை வற்றினாலும் வற்றாத ஊற்று ஒன்றை முன்னோர் ஏற்படுத்திச் சென்றனர்.

நம் காலத்தில் சிங்கப்பூர் அரசு "கம்போங் அட்மிரல்டி" என்னும் அடுக்ககத்தை 2018-இல் முறையாகத் திறந்தது. முதியோர்க்கான 104 சிறு வீடுகள். அதே வளாகத்தில் மருத்துவ நிலையம், உணவுக்கடைகள், மாடித்தோட்டம். குழந்தைகள் காப்பகமும் முதியோர் கூடமும் அருகருகே.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு கடலூர் வட்டாரத்தில் தாமரைக்குளம் என்னும் முதியோர் கிராமத்தை உருவாக்கியது. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வாழவைக்கும் திட்டம் ஒன்றும் தமிழக அரசிடம் உண்டு. பல சாதியினரும் கலந்து வாழ நூறு நூறு வீடுகளாக எழுந்த சமத்துவபுரங்களில் முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பெற்றது. சாதிகளைக் கலந்து வீடு கட்டத் துணிந்த நாட்டில் வயதுகளைக் கலந்து வீடு கட்டுவது அரிதாகுமோ?

பெரியம்மா செய்த மாற்றம்

எங்களைப் போல் இத்தனை யோசிக்காமலே பெரியம்மா ஒரு காரியம் செய்துவிட்டிருந்தார். வீட்டின் பின்கட்டு இரண்டு அறைகளையும், தம்மைக் காப்பாற்றிய அந்த ஒடிசாக் குடும்பத்திற்கே வாடகைக்கு விட்டுவிட்டார். ஓட்டுக்கூரை, கிணறு, வேப்பமர நிழல். முன்பு லைன் வீட்டிற்குக் கொடுத்ததைவிடக் குறைந்த வாடகை. மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. பெரியம்மாவின் கட்டிலருகே ஒரு கயிறு தொங்கியது. அதன் மறுமுனை பின்கட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறு மணியில் முடிந்தது.

குளியலறையைக் காட்டினார். வழவழப்பான பழைய கல்லை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான ஓடு பதித்திருந்தார். சுவரில் பிடித்து எழும்பக் குழாய்க் கம்பி. கதவு வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டிருந்தது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், உட்புறம் திறக்கும் கதவு அவர் உடம்பிலேயே முட்டி நின்றுவிடும் அல்லவா? இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு. வாசற்சாய்தளம் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம். "கொத்தனார் நாலடி போதும் என்றார், நான் விடவில்லை" என்று சிரித்தார்.

"வாடகையைக் குறைத்ததால் அந்தப் பெண்ணை வேலை வாங்குகிறீர்களா?" என்று என் மனைவி நேராகவே கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். "மணி அடித்தால் வரவேண்டும். அவ்வளவுதான் பேச்சு. துணி துவைக்க, பாத்திரம் விளக்க வேறு ஆள் வைத்து அவளுக்குக் கூலி கொடுக்கிறேன்," என்றார் பெரியம்மா.

ஒரு வீடு போதாது

இருப்பினும் அந்த ஏற்பாட்டின் பலவீனமும் எங்களுக்குப் புலப்படாமல் இல்லை. ஒப்பந்தம் முடிந்து அத்தொழிலாளி வேறு ஆலைக்குப் போய்விட்டால்? பெரியம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கினால்? ஓர் இளம்பெண்ணின் நல்லுள்ளத்தின்மேல் மட்டும் ஒரு முதுமையை ஏற்றிவைப்பது இருவர்க்கும் நியாயமாகாது. எனவே ஒரு வீட்டில் நடந்தது ஒரு தெருவிலேனும் நடக்கவேண்டும்.

முப்பது வீடுகள் கொண்ட ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். பத்து வீடுகள் முதியோர்க்கு, தரைத்தளத்தில், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவும் தனி அடுப்பும். இருபது வீடுகள் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு. முதியோர் வீடுகள் ஒரு மூலையில் ஒதுக்கப்படாமல் இடையிடையே அமையவேண்டும். நடுவில் ஒரு பொதுக்கூடம்: சமைக்க இயலாதவர்க்கு அங்கே சோறு, வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கு அங்கே காப்பகம், இரவும் பகலும் பொறுப்பேற்கச் சம்பளம் பெறும் செவிலியர். இருபது வீட்டு வாடகையில் ஒரு பங்கு இச்சம்பளத்திற்கு ஊற்றாகும். உடல் தளரத் தளர உதவி கூடவேண்டும், வீடு மாறலாகாது. இல்லம் தேடி வரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டு முதல் தமிழகத்தில் நடைபெறுகிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளுக்காக முதியோர் அலையவேண்டியதில்லை.

கட்டுவதற்கான பொருளும் பக்கத்திலேயே உள்ளது. அத்திப்பட்டில் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் கொண்டு செங்கல் செய்யலாம். விளைநிலத்து மண்ணைச் சுடவேண்டாம். வீடுகளின் நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருந்தால் மேல்வெயில் சுவரைச் சுடாது. தென்றல் உள்ளே நுழையும். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பை ஏட்டளவில் நிறுத்தாமல் கிணற்றுக்குள் கொண்டுசெல்லவேண்டும். வெள்ளம் கண்ட பூமி இது; 2015-ஐயும் 2023-ஐயும் மறவாமல், தண்ணீர் நின்ற அடையாளத்திற்கு மேலே தளமட்டம் அமையட்டும். தெருவைப் பார்த்த திண்ணையோ கட்டாயம் வேண்டும். திண்ணையில் அமர்ந்திருப்பவரைத் தெரு நாள்தோறும் பார்க்கிறது. ஒருநாள் காணாவிட்டால் கதவைத் தட்டுகிறது.

இடம் எங்கே என்று கேட்கலாம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கும் நிலம் இதற்கு ஆகாது. கோவில் மணியோசையும், பேருந்து நிறுத்தமும், மளிகைக்கடையும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கவேண்டும். நம் பங்குகள் பலவற்றில் அத்தகைய நிலம் புதர் மண்டிக் கிடப்பதை வாசகர்கள் அறிவர். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு, 2021 முதல், தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளாகத் திருச்சபையில் சிறப்பிக்கப்படுகிறது. அன்று பொன்னாடை போர்த்திப் பழக்கூடை கொடுப்பதோடு நின்றுவிடாமல், பங்குப் பேரவையில் இந்த நிலத்தைப் பற்றியும் ஒரு பேச்சு எழலாமே! அதுவரை, தனித்திருக்கும் முதியோர்க்கு 14567 என்ற நாடு தழுவிய உதவி எண்ணையாவது சுவரில் பெரிதாய் எழுதி வைப்போம்.

மாலை வந்தது

நாங்கள் புறப்படும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்துவிட்டோம். "பெரியம்மா இங்கேயே இருக்கட்டும். நீங்கள் மாதம் ஒருமுறை மாறி மாறி வாருங்கள். அந்தக் குடும்பம் போக நேர்ந்தால் அடுத்த குடும்பத்தைத் தேடும் பொறுப்பு நம் எல்லாருக்கும் உரியது" என்பதே அது. அவர்கள் முழுமனத்தோடு ஏற்பார்களா என்பது தெரியாது. ஏற்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்போம்.

பெரியம்மா திண்ணைக்கு வந்து அமர்ந்தார். கையில் ஜெபமாலை, மடியில் சாய்ந்து அந்தக் குழந்தை. ஆலைச் சங்கு ஒலித்தது. சற்று நேரத்தில் சாலையில் சைக்கிள்கள் வரிசையாய் வரத் தொடங்கின. குழந்தை எழுந்து நின்று, ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்தது. பெரியம்மாவும் பார்த்தார்.

"இதோ வந்துவிட்டான்," என்றார், தம் மகனே வருவதுபோல.

பேருந்தில் ஏறியபின் நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. எங்களுக்கும் அறுபது நெருங்குகிறது. திருவள்ளூரில் நாங்கள் கட்டிய வீட்டிற்கு உயர்ந்த மதிற்சுவர் உண்டு, இரும்புக் கதவு உண்டு, திண்ணை இல்லை. இரவில் ஒருவர் விழுந்தால் கேட்பதற்குக் கூப்பிடு தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோம். அன்பு வாசகர்களே, நீங்களும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.